கடைசியில் ஒரு 'பி'

அந்த இரும்புப் பட்டறையின் ஸ்டோர்க்காரர் எண்களில் புலி. எழுத்து என்றால்தான் அலட்சியம். கிரைண்டர் மாடல் எண்ணின் வாலில் தொங்கும் எழுத்தைப் பற்றி யாராவது கேட்டால், அதெல்லாம் இனிஷியல் மாதிரி, இல்லாவிட்டாலும் ஆள் அதே ஆள்தான் என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். பழைய கிரைண்டர் பழுதானபோது அதே எண்ணை எழுதிப் புதிதாக ஆர்டர் அனுப்பினார். வாலில் இருந்த 'பி' மட்டும் விட்டுப்போயிற்று. வந்தது அச்சு அசலாகப் பழையதைப் போலவே இருந்தது. கொண்டுபோய் அதே பட்டறையில் வேலை பார்க்கும் தங்கை கணவர் கையிலேயே கொடுத்தார்.

'பி' என்றால் பிரேக். பழைய மெஷினில் சுவிட்சை விட்டதும் இரும்பை அறுக்கும் வட்டு சட்டென்று நின்றுவிடும். புதியது விட்ட பிறகும் தன் பாட்டுக்குச் சுற்றும். பத்து வருஷப் பழக்கத்தில் மாப்பிள்ளை சுவிட்சை விட்டார், இடது கையால் இரும்புத் துண்டை எடுக்கப் போனார். இரண்டு விரல்கள் போய்விட்டன.

மறுநாள்தான் ஸ்டோர்க்காரர் இரண்டு மெஷின்களையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று மேனேஜர் எழுதிய அறிக்கை சாட்சிக் கையெழுத்துக்காக அவர் மேஜைக்கே வந்திருந்தது. போட்டால் மாப்பிள்ளைக்கு வேலை போய்விடும். உண்மையைச் சொன்னால் இவருக்குப் போய்விடும்.

கையெழுத்துப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துப் படுத்திருந்தார். அறிக்கையில் இருப்பது சரிதான் என்றும், தன் கைதான் அவசரப்பட்டது என்றும், இனி மெஷினைத் தொடத் தனக்கு யோக்கியதை இல்லை என்றும் சொன்னார். பக்கத்தில் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மனுஷன் தானாகவே பழியைத் தூக்கிச் சுமக்கிறார், பேசாமல் இருந்துவிட்டால் போதும். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே ஸ்டோர்க்காரருக்குத் தன்மேல் காறித் துப்பலாம் போலிருந்தது.

"மாப்ளே, தப்பு உங்க மேல இல்ல. புது மெஷின்ல பிரேக்கே கிடையாது. ஆர்டர்ல ஒரு எழுத்தை நான்தான் விட்டுட்டேன். நாளைக்கு ஆபீஸ்லயும் இதைத்தான் எழுதிக் குடுக்கப் போறேன்."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை மெல்ல எழுந்து உட்கார்ந்தார். திட்டு விழும் என்று இவர் தலைகுனிந்து நின்றார்.

"அப்போ, நான் சரியாத்தான் செஞ்சேனா மச்சான்?"

"சரியாத்தான் செஞ்சீங்க."

விரல் போன அன்று அழாத மனிதர் அப்போது வாய்விட்டு அழுதார்.