மூணு தடவை கேட்கணும்

“வியாழக்கிழமை உங்களை யாரு கூட்டிட்டு வராங்க?” என்று கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள்.

“யாரு வரணும்? நானே ஓட்டிட்டு வந்துடுவேன்,” என்றாள் மார்லிஸ்.

“வரும்போது ஓட்டுவீங்க. போகும்போது ஒரு கண்ணுல கட்டு இருக்குமே.”

“அப்போ டாக்ஸி வெச்சுக்கறேன்.”

“டாக்ஸி கூடாதும்மா. உங்களுக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட வந்து, ஆபரேஷன் முடியற வரைக்கும் வெளியில உட்கார்ந்திருந்து, கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகணும். புதன்கிழமை நாலு மணிக்குள்ள பேரு குடுத்துடுங்க. இல்லேன்னா ரத்துதான். அடுத்த தேதி பிப்ரவரியிலதான் இருக்கு.”

பிப்ரவரி வரை எங்கே காத்திருப்பது? டிசம்பர் ஒன்பதாம் தேதி, எழுபத்திரண்டாவது பிறந்தநாளோடு, மார்லிஸின் லைசென்ஸ் முடிகிறது. போன மாதம் லைசென்ஸ் ஆபீசில் மூன்றாவது வரி எழுத்துகள் அவளுக்குப் புகை மூட்டமாகத்தான் தெரிந்தன. கண்ணைச் சரி செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கடை ஒன்பது மைல், சர்ச் நாலு மைல். மினசோட்டாவின் அந்த மூலையில் பஸ் என்று ஒன்று ஓடியதென்றால் அது பள்ளிக்கூட பஸ்தான். அதையும் முப்பத்தொரு வருஷம் ஓட்டியவள் மார்லிஸ். பனியிலும் புயலிலும் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கொண்டுபோய் விட்டவள், இனி ஒரு பால் பாக்கெட்டுக்கு அடுத்தவன் காரை எதிர்பார்த்து ஜன்னலோரம் உட்காருவதா? அதற்குச் சாகலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

தெரிந்தவர் ஒருத்தர் வேண்டுமாம். ஊரே தெரியும்! மூன்று வருஷத்துக்கு முன் புருஷன் ஆரின் இறந்தபோது, சர்ச்சில் வரிசையாக வந்து நாற்பது பேர் அவள் கையைப் பிடித்து ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். “என்ன வேணும்னாலும் ஒரு போன் பண்ணு.” அந்த ஊரில் துக்க வீட்டில் அதைச் சொல்லாதவன் மனுஷனே இல்லை. சொன்னார்களே என்று போன் பண்ணுகிறவனும் மனுஷனில்லை. மார்லிஸும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. அவளும் கூப்பிட்டதில்லை. முழங்கால் பனியைத் தானே தள்ளினாள். காய்ச்சலில் ஒன்பது நாள் டப்பா சூப்பைச் சூடுபண்ணிக் குடித்துத் தனியே கிடந்தாள். அதில் அவளுக்குப் பெருமை வேறு. இப்போது அந்தப் பெருமைதான் மீன்முள்ளாகத் தொண்டையில் குத்தியது.

சரி, கூப்பிட்டுத்தான் பார்ப்போம் என்று திங்கட்கிழமை மாலை ஆர்டிஸுக்குப் போன் போட்டாள். ஐம்பது வருஷ சிநேகிதி. முதல் பத்து நிமிஷம் குளிரைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த பத்து நிமிஷம் போன வருஷக் குளிரைப் பற்றி.

“அப்புறம், வியாழக்கிழமை உனக்கு வேலை இருக்கும், இல்லையா?” என்றாள் மார்லிஸ்.

“வியாழக்கிழமையா? போர்வை தைக்கிற கூட்டம் இருக்கு. ஏன்?”

“ஒண்ணுமில்லை, சும்மாதான். கண்ணுல ஒரு சின்ன வேலை பண்றாங்க. யாராவது கூட இருந்தா நல்லதுன்னாங்க. அப்படி ஒண்ணும் அவசியமில்லைன்னு வெச்சுக்கோயேன்.”

“அடடே. நல்லபடியா முடியட்டும். ஏதாவது வேணும்னா ஒரு போன் பண்ணு, என்ன?”

போன் பண்ணு என்றாள்! போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறவளிடம்! மார்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, “கண்டிப்பா,” என்றாள். ஆர்டிஸ் மேலும் தப்பில்லை. ‘நீ வரமாட்டாய், வரத் தேவையில்லை, வந்தால்தான் எனக்குச் சங்கடம்’ என்று மூன்று கதவையும் இவளே திறந்துவிட்டால், அவள் வெளியே போகாமல் என்ன செய்வாள்?

அடுத்து மகன் கிரெய்க். அரிசோனா வெயிலில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறான். விஷயத்தைக் கேட்டதும், “நான் வேணா வரட்டுமாம்மா?” என்றான்.

மார்லிஸுக்கு மனசு குளிர்ந்தது. ஆனால் உடனே ‘வா’ என்று சொல்லிவிட முடியுமா? அவள் வளர்ந்த இடத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருத்தர் ஒன்றைத் தருகிறேன் என்றால், முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவையும் கேட்டால்தான் மனசாரக் கேட்கிறார் என்று அர்த்தம். அப்போது, ‘உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா’ என்று இழுத்தாற்போல ஒப்புக்கொள்ளலாம். தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டு கேக்குக்கும் அதே சட்டம்தான்.

“வேண்டாம்டா, உனக்கு வேலை இருக்கும்.”

“இல்லம்மா, ரெண்டு நாள் லீவு போட்டாப் போச்சு.”

“சேச்சே, அதெல்லாம் எதுக்கு?”

சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இன்னும் ஒன்று. இன்னும் ஒரே ஒரு தடவை கேள், என் கண்ணே.

“சரிம்மா. நீ எப்படியும் சமாளிச்சுடுவே. உன்னை மாதிரி யாரு இருக்கா?” என்றான் கிரெய்க்.

போனை வைத்துவிட்டு மார்லிஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பெற்ற பிள்ளை, மூன்றாவது தடவையை மறந்துவிட்டான்! யாரை நோவது? பதினெட்டு வயதில் அவனைப் பெட்டியோடு வாசலில் நிறுத்தி, “இனி உன் பாடு உன்னோடது,” என்று சிரித்துக்கொண்டே அனுப்பியவள் அவள்தான். அவன் பாட்டை அவன் பார்த்துக்கொண்டான். அவள் பாட்டை அவள் பார்த்துக்கொள்வாள் என்று நம்புகிறான்.

செவ்வாய்க்கிழமை காலை காரைப் பின்னால் எடுக்கும்போது தன் குப்பைத் தொட்டியையே இடித்துத் தள்ளினாள். இறங்கி நிமிர்த்திக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு லொரெட்டா வந்துவிட்டாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நியூ ஜெர்சிக்காரி, ஏப்ரலில் குடிவந்தவள், கடைத்தெருவில் ரொட்டி சுடுகிற வேலை. அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வாயில் வந்ததைக் கேட்பாள். உங்களுக்கு என்ன வயசு, புருஷன் எப்படிச் செத்தார், வீட்டை எவ்வளவுக்கு வாங்கினீங்க. அவள் தலை தெரிந்தாலே மார்லிஸ் திரையை இழுத்து விட்டுவிடுவாள்.

“கண்ணுல என்ன?” என்றாள் லொரெட்டா.

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லாமலா இவ்வளவு பெரிய தொட்டியை இடிச்சீங்க? போன வாரம் என் தபால் பெட்டியைச் சாய்ச்சதும் நீங்கதானா?”

மார்லிஸ்தான். அதைச் சொல்லாமல், “புரை. வியாழக்கிழமை ஆபரேஷன்,” என்றாள்.

“யாரு கூட்டிட்டுப் போறா?”

“பார்த்துக்கலாம்.”

“நான் வரேன்.”

“ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்கு...”

“சரி,” என்றாள் லொரெட்டா. திரும்பினாள், உள்ளே போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்லிஸ் குப்பைத் தொட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். ஒரே தடவை! கேட்டாள், போய்விட்டாள். இவளை யார் பெற்று வளர்த்தது? ஒரு பேச்சுக்கு வேண்டாம் என்றால் உடனே நம்பிவிடுவதா? அன்றைக்கு முழுக்க வீட்டுக்குள் நடந்து நடந்து திட்டித் தீர்த்தாள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிப் பெண்ணே கூப்பிட்டாள். “பேரு சொல்லுங்கம்மா. இல்லேன்னா உங்க இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவோம்.”

மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டு, “லொரெட்டா,” என்றாள்.

“லொரெட்டா, என்ன?”

எட்டு மாசமாகச் சுவருக்குச் சுவர் இருக்கிறவளின் முழுப் பெயர் அவளுக்குத் தெரியவில்லை.

“பக்கத்து வீடு,” என்றாள்.

“முழுப் பேரும் போன் நம்பரும் வேணும்மா. நாலு மணி வரைக்கும் இருப்பேன்.”

வெறுங்கையோடு எப்படிப் போவது? நேற்றுச் செய்த சாக்லேட் பிஸ்கோத்துகளைத் தட்டில் அடுக்கி மேலே காகிதம் மூடுவதற்குள் மூன்றரை. லொரெட்டா கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

“குளிருது. உள்ள வாங்க.”

“இல்லை, இப்படியே நிக்கறேன். காத்து இன்னைக்குக் கொஞ்சம் அதிகம்தான்.”

“ஆமாம்.”

“ராத்திரி பனி பெய்யும்னு சொன்னாங்க.”

“மார்லிஸ், எனக்குக் கடைக்கு நேரமாச்சு. என்ன வேணும் உங்களுக்கு?”

“ஒண்ணும் வேண்டாமே. சும்மா, மிச்சம் இருந்தது,” என்று தட்டை அவள் கையில் வைத்துவிட்டு மார்லிஸ் திரும்பி இரண்டு படி இறங்கிவிட்டாள். மூன்றாம் படியில் கால் நின்றது. எதிரே அவளுடைய கார். அதன் முகப்பு கூட அவளுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. திரும்பினாள்.

“நாளைக்கு நீங்க என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்,” என்றாள்.

முடிந்தால் என்று சொல்லவில்லை. சிரமம் இல்லையென்றால் என்று சொல்லவில்லை. எழுபத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவமானத்தில் காது சுட்டது.

லொரெட்டா அவளையே பார்த்தாள். “அதைத்தானே செவ்வாய்க்கிழமை கேட்டேன்? வேண்டாம்னுட்டீங்களே.”

“ஒரு தடவைதான் கேட்டீங்க.”

“எத்தனை தடவை கேட்கணும்?”

“மூணு.”

“அப்படின்னு எங்க எழுதி வெச்சிருக்கு?”

“எங்கயும் எழுதலை. எல்லாருக்கும் தெரியும்.”

“எங்க ஊர்ல வேண்டாம்னவங்களை மூணு தடவை கேட்டா, அதுக்குப் பேரு தொல்லை,” என்றாள் லொரெட்டா. “நீங்க வேண்டாம்னதால நாளைக்குக் காலையில அஞ்சு மணி வேலைக்கு ஒத்துக்கிட்டேன். இப்ப என்ன பண்றது?”

மார்லிஸ் மறுபடி படியிறங்கப் போனாள். “அப்போ வேண்டாம். நான் வேற யாரையாவது...”

“வேற யாரு இருக்கா? பேசாம நில்லுங்க.” போனை எடுத்தாள். “நான்தான். நாளைக்கு வரமாட்டேன். பக்கத்து வீட்டம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இல்லை, வரலாமான்னு கேட்கலை. வரமாட்டேன்னு சொல்றேன்.” அவ்வளவுதான். அரை நிமிஷம் கூட ஆகவில்லை. “ஆஸ்பத்திரியில கேட்பாங்க. என் பேரு லொரெட்டா டிமார்கோ. நம்பரையும் சேர்த்து எழுதிக்கோங்க, அப்புறம் மறந்துடப்போறீங்க.”

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மார்லிஸ் அந்தப் பெயரையும் நம்பரையும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி முடித்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டரை மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்த லொரெட்டா கையெழுத்துப் போட்டு, மருந்து எப்போது விடுவது, எப்படிப் படுப்பது என்று நர்ஸைக் குடைந்து கேட்டு, காரில் ஏற்றிக்கொண்டாள். ஒரு கண்ணில் கட்டு. லைசென்ஸ் பிழைத்தது. அந்த நிம்மதியில் மார்லிஸுக்கு வாய் திறந்துவிட்டது. மூன்று நாளாக அடக்கி வைத்ததை எல்லாம் கொட்டினாள். போனில் பேசிக்கொண்டே போன் பண்ணச் சொன்ன ஆர்டிஸ். சர்ச்சில் வரிசையில் வந்த நாற்பது பேர்.

“எல்லாம் வாய்ப்பேச்சு. சொல்றதோட சரி, ஒருத்தர் மனசுலயும் ஒண்ணும் கிடையாது,” என்றாள்.

லொரெட்டா காரின் வேகத்தைக் குறைத்தாள்.

“நீங்க எனக்குச் சொன்னதும் அப்படித்தானா?” என்றாள்.

“நான் என்ன சொன்னேன்?”

“ஏப்ரல்ல, நான் சாமான் இறக்கின அன்னைக்கு. ‘ஒரு நாள் காபிக்கு வாங்க’ன்னீங்க. எந்த நாள்னு கேட்டேன். ‘சொல்லி அனுப்பறேன்’னீங்க. நான் நிஜம்னு நினைச்சு எடுத்துட்டு வர்றதுக்குக் கேக் பண்ணி வெச்சேன். அது கெட்டுப்போய்த் தூக்கிப் போட்டேன்.”

மார்லிஸுக்கு ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பாள். எல்லாருக்கும் சொல்வதுதானே.

“பொண்ணு இங்க இருக்கான்னுதான் இந்த ஊருக்கே வந்தேன்,” என்றாள் லொரெட்டா. சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அவ ஜூன்ல டென்வருக்கு மாத்திட்டுப் போயிட்டா. நல்ல வேலை, போகட்டும். அதுக்கப்புறம் என் வீட்டுக்குள்ள கால் வெச்சது ஹீட்டர் ரிப்பேர் பண்ண வந்த ஆள் ஒருத்தர்தான். எல்லாரும் வாங்க வாங்கன்னு நல்லாத்தான் சொன்னாங்க. ஒருத்தரும் நாள் சொல்லலை. நேத்து உங்களை உள்ள வாங்கன்னேன். நிக்கறேன்னுட்டீங்க.”

மார்லிஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று நாளாக ஊரைத் திட்டினாளே, அந்த ஊரில் இவள் வீடும் ஒன்றுதான். இத்தனை எரிச்சலையும் யார் மேல் கொட்டுவது என்று தெரியாமல் மடியில் இருந்த மருந்துப் பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கார் மார்லிஸின் வீட்டு வாசலில் நின்றது. லொரெட்டா என்ஜினை நிறுத்தவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வாங்க. பதினோரு மணிக்கு,” என்றாள் மார்லிஸ்.

“ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை.”

“சனிக்கிழமை?”

“சனிக்கிழமையும் வேலைதான். இன்னைக்கு லீவு போட்டதுக்கு அதைக் குடுத்துட்டாங்க.”

சரி, இன்னொரு நாள் பார்த்துக்கலாம் என்று மார்லிஸின் வாய் தானாகத் திறந்தது. அந்த வார்த்தையை அப்படியே கடித்து விழுங்கினாள்.

“அப்போ இப்ப வா,” என்றாள்.

“இப்பவா? உங்களைப் படுக்கச் சொல்லியிருக்காங்க.”

“படுத்துக்கறேன். ஆனா காபி டப்பா கீழ் அலமாரியில இருக்கு. குனியக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னதை நீயும்தானே கேட்டே? நீதான் எடுத்துப் போடணும்.”

லொரெட்டா என்ஜினை நிறுத்தினாள். இறங்கி இந்தப் பக்கம் வந்து கதவைத் திறந்து, உள்ளங்கையை நீட்டினாள்.

“வீட்டுச் சாவியைக் குடுங்க,” என்றாள்.

மார்லிஸ் கைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள்.