முயல் ரப்பர்

நேற்றுக் காலை சமையலறை ஜன்னலடியில் ஸ்டூலைப் போட்டு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சின்னவள். காலை ஏழு மணிக்கு வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். மெழுகுக் குச்சியிலிருந்து மிளகளவு கிள்ளி ஒரு கையில் உருட்டிக்கொண்டே, இன்னொரு கையால் டிஷ்யூ காகிதத்தை உள்ளே விட்டுக் கம்பியை ஈரம் போக ஒற்றினேன். ஈரம் இருந்தால் மெழுகு ஒட்டாது. ஒட்டாத மெழுகு சோற்றோடு வயிற்றுக்குள் போய்விடும். பல்லுக்குக் கம்பி போட்ட இந்த ஒரு வருஷத்தில் எனக்கு எல்லாம் அத்துப்படி. கடைவாய்ப் பக்கம் கம்பி நுனி கன்னத்தைக் குத்திக் குத்தி வெள்ளையாக ஒரு புண் வந்திருந்தது. மெழுகை நுனியில் வைத்து அமுக்கியதும் அவள் தோள் தளர்ந்து இறங்கியது.

"அசையாத பாப்பா" என்றேன்.

அசையவில்லை. பாப்பா என்பது பெரியவளை நாங்கள் வீட்டில் கூப்பிட்ட பேர். இவள் குட்டி. பெரியவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் பேர் மாறி வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வேன், உடனே திருத்திச் சொல்வேன். அப்புறம் திருத்துவதை விட்டுவிட்டேன். பாப்பா என்று கூப்பிட்டாலும் இவள் எழுந்து வந்துவிடுவாள், ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. தங்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருப்பதையெல்லாம் தங்கம் என்று சொல்லிப் பழகிவிட்டது.

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் தெத்துப்பல். மேல்வரிசையில் இடது கோரைப்பல், ஈறுக்குப் பக்கத்தில் ஏறி நின்றுகொண்டு முன்னால் எட்டிப் பார்க்கும். நாலு வயசு இடைவெளியில் பிறந்த இரண்டு பெண்களுக்கு ஒரு பல் மட்டும் இப்படி அச்சடித்த மாதிரி எப்படி வந்தது என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். தெத்துப்பல் அழகு என்று ஊரே சொல்லும், ஆனால் பெரியவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. சிரிப்பு வந்தால் முதலில் கைதான் வாய்க்குப் போகும். பத்தொன்பது வயசில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் அவள் இல்லை. இதற்குமேல் அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டர்கள் சொன்னதும் எனக்குப் புரியவில்லை.

நான் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சப் வேலை பார்க்கிறேன். பரு, கருவளையம், தழும்பு, கலைந்த முடி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்தெடுப்பது என் பிழைப்பு. பதினேழு வருஷமாக ஊர்க்காரர்கள் முகத்தையெல்லாம் அவர்களே ஆசைப்படுகிற மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்கிறேன். இதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று முதலாளியே சொல்வார். பெரியவள் போன பத்தாம் நாள், கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று உட்கார்ந்து தேடினேன். கிடைத்த அத்தனை படத்திலும் உதட்டை ஒட்டி வைத்திருந்தாள். ஒன்றில்கூடப் பல் தெரியவில்லை. வாயைச் சாத்திக்கொண்டு என் பெண் காலம் பூராவும் சுவரில் இருக்கப்போகிறாள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சின்னவள் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்த படம் ஒன்று இருந்தது. அதிலிருந்து அந்த வாயை வெட்டியெடுத்துப் பெரியவள் முகத்தில் வைத்தேன். வெளிச்சத்தையும் தோல் நிறத்தையும் இழைக்க ஒரு முழுநாள் பிடித்தது. வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அவள் எதிரில் நின்று சிரிக்கிற மாதிரியே இருக்கிறது என்று அழுதார்கள். என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் செய்ததை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு வருஷம் கழித்துச் சின்னவள் பல்லுக்குக் கிளிப் போடவேண்டும் என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்றாள். அந்தப் பல் அழகுடி, அதற்காகவே எத்தனை பேர் ஏங்குகிறார்கள் தெரியுமா என்று வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அதுவரை எதையும் கேட்டு அடம்பிடித்த பெண் இல்லை. பிள்ளை வாய்விட்டு ஒன்று கேட்கிறது, போட்டு விடேன் என்றார் என் வீட்டுக்காரர். அவர் லாரி ஷெட்டில் மெக்கானிக். கம்பி போட்டுக்கொண்டு வந்த அன்று, உன் வாயில் இருக்கிற இரும்பு என் ஷெட்டில்கூட இல்லை என்று அவளைச் சீண்டினார். அன்றிலிருந்து ஆப்பிளை வாஷர் கனத்துக்கு நறுக்கிக் கொடுப்பது அவர் வேலையாகிவிட்டது.

மற்றதெல்லாம் என் வேலை. சோற்றைக் குழைய விடுவது, ரொட்டியைப் பாலில் ஊறப்போடுவது, கம்பியை முறுக்கிவிட்ட நாட்களில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைப்பது, குச்சி மாதிரி இருக்கும் சின்ன பிரஷ்ஷால் கம்பிக்கு அடியில் சிக்கியதை நோண்டி எடுப்பது. வேறு யாருக்காவது வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். இவளிடம் அதைச் சொல்ல முடியாது, பல்லைக் கடித்தால்தான் இவளுக்கு உயிர் போகும். ஒரு நாள் வலியில் என் மடியில் தலைவைத்துப் படுத்தவள், நீ தொட்டா வலி கம்மியாயிடுதும்மா என்றாள்.

வலி கம்மியானதற்கு என் கை காரணம் இல்லை.

கம்பி போட்டு ஆறாம் மாதம் டாக்டர் ரப்பர் கொடுத்தார். தெத்துப்பல்லில் ஒட்டியிருக்கும் கொக்கியில் ஒரு முனை, கீழ்ப்பல் கொக்கியில் மறுமுனை. அந்த ரப்பர்தான் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்து வரிசையில் உட்கார வைக்குமாம். பாக்கெட்டின் மேல் மிருகப்படம் போட்டிருக்கும். முயல் படம் என்றால் இழுவை குறைவு, பழகுவதற்கு. யானை என்றால் இழுவை அதிகம். முதலில் முயல் பாக்கெட் மூன்றைக் கையில் கொடுத்தார். இரண்டு வாரத்தில் யானைக்கு மாற்றச் சொல்லி அதையும் கொடுத்தார். அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு காலையில், மெழுகு வைக்கும்போது பார்த்தேன். பல் லேசாக இறங்கியிருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. முகத்தில் மயிரிழை மாறினாலும் என் கண்ணுக்குத் தப்பாது, தொழில் அப்படி. அந்த மயிரிழை அளவுக்குப் பெரியவள் இந்த வீட்டைவிட்டுப் போயிருந்தாள்.

நான் யானை பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. தையல் டப்பாவில் நூல்கண்டுகளுக்கு அடியில் போட்டு மூடினேன். முயல் ரப்பர்களைப் பாக்கெட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பியில் கொட்டி, இனிமேல் இதிலிருந்து எடுத்துக்கொள் என்று அவளிடம் கொடுத்தேன். படம் இல்லாவிட்டால் எல்லா ரப்பரும் ஒன்றுதான். அவள் காலையும் மாலையும் தவறாமல் மாற்றினாள். சாப்பிடும்போது கழற்றி வைத்து, கொப்பளித்துவிட்டுத் திரும்ப மாட்டினாள். கண்ணாடி முன்னால் நின்று பல் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். இறங்கிடுச்சாம்மா என்று என்னிடம் கேட்பாள். கொஞ்சம் இறங்கியிருக்கு என்பேன். என் நாக்கு அழுகிப்போனால்கூட நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

ஆறு மாதம் இப்படியே ஓட்டினேன். ஒருமுறை டாக்டர் ஊரில் இல்லை என்றேன், ஒருமுறை எனக்கு ஸ்டூடியோவில் லீவு இல்லை என்றேன். அப்படியும் நேற்று, மெழுகு வைத்துவிட்ட கையோடு, போகவேண்டி வந்துவிட்டது. டாக்டர் சின்ன ஸ்கேலை வைத்து அளந்தார், பழைய அளவைப் பார்த்தார், திரும்பவும் அளந்தார். ரப்பர் ஒழுங்காகப் போடுகிறாயா என்று சின்னவளைக் கேட்டார். ஒரு வேளைகூட விட்டதில்லை என்றாள் அவள். அவர் அவள் வாயிலிருந்து ரப்பரைக் கழற்றித் தன் விரல் நுனியில் மாட்டி இழுத்துப் பார்த்தார்.

"இது முயல் ரப்பராச்சே. யானை எங்க?"

நான் தெரியாமல் மாற்றிக் கொட்டிவிட்டேன் போலிருக்கிறது என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பரவாயில்லை, பல அம்மாக்கள் இப்படிக் குழப்பிக்கொள்கிறார்கள் என்றார். இன்னும் எட்டு மாதம் கூட ஆகும் என்றார். இத்தனை நாள் கம்பியின் அடியில் இருந்த பல்லில் வெள்ளைத் திட்டு விழத் தொடங்கியிருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். சின்னவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் யானை பாக்கெட்டை எடுக்கச் சொன்னாள். தொலைந்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். ஆனால் கால் தானாகத் தையல் டப்பாவிடம் போய்விட்டது. பாக்கெட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். ஒட்டினது ஒட்டினபடி, ஓரம்கூடக் கசங்காமல் இருந்தது. தெரியாமல் மாற்றிக் கொட்டியவளிடம் இது இப்படி இருக்காது என்று புரிந்துகொள்ள அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

"கூடத்துல இருக்கிற படத்துல சிரிக்கிறது என் வாய்" என்றாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மாட்டின அன்னிக்கே தெரியும். கீழுதட்டுல தழும்பு இருக்கு பாரு. சைக்கிள்லேர்ந்து விழுந்தது அக்கா இல்ல, நான்."

ஊரில் இருக்கிற தழும்பையெல்லாம் துடைக்கிறவள் அதை விட்டிருக்கிறேன். ஒரு முழுநாள் அந்த உதட்டையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன், அது என் கண்ணில் தழும்பாகவே படவில்லை. என் பிள்ளையின் உதடு, அது அப்படித்தான் இருக்கும் என்று கை தாண்டிப் போயிருக்கிறது. அதைச் சொன்னால் இவளுக்கு ஆறுதலாக இருக்குமா என்று ஒரு கணம் யோசித்தேன். எந்தப் பிள்ளையின் உதடு என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டேன்.

"அக்காவுக்கு என் வாயக் கொடுத்துட்ட. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். எனக்கு வேற வாய் வேணும்னுதானே கேட்டேன். அதுவும் எனக்குக் கூடாதா?"

அவள் கத்தவில்லை. கம்பி போட்டதிலிருந்து அவள் பேச்சில் லேசான குழறல் உண்டு, அந்தக் குழறலோடுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் எழுந்து வந்து என்னைத் தேற்றுவாள் என்று எனக்குத் தெரியும், இரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். அதனால் அடக்கிக்கொண்டேன். மன்னிச்சுடு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் வருத்தப்படுகிறேனா என்று என்னையே கேட்டபோது பதில் நிச்சயமாக இல்லை. இவள் பட்ட வலியை நினைத்தால் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அந்தப் பல் இன்னும் அங்கேயே இருக்கிறது என்பதில் எனக்குள் ஒரு மூலை அப்போதும் நிம்மதியாக இருந்தது. இப்படி ஒரு தாயும் உண்டா என்று யாராவது கேட்டால் உண்டு என்றுதான் சொல்லவேண்டும்.

அவள் பாக்கெட்டின் ஓரத்தைக் கிழித்து ஒரு ரப்பரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயே மாட்டிவிடு" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தாள். நான் கை கழுவிக்கொண்டு வந்தேன். யானை ரப்பர் பார்ப்பதற்கு முயலைவிடச் சின்னதாகத்தான் இருந்தது, ஆனால் கனம். மேல் கொக்கியில் மாட்டி நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே இழுத்தேன். பாதியில் நழுவிச் சுளீரென்று ஈறில் அடித்தது. அவள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். நீயே போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டேன். வாயைத் திறந்தபடியே இல்லை என்று தலையாட்டினாள். திரும்பவும் இழுத்தேன். இத்தனை இழுவையை என் விரல் அதுவரை அறிந்ததில்லை. இழுக்க இழுக்க அந்தப் பல் மட்டும் அசையாமல் மேலே நின்றது. கீழ்க் கொக்கியில் ரப்பர் விழுந்து பிடித்துக்கொண்டபோது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதோரம் போனது. அதை அவள் துடைக்கவில்லை. என் விரல் இன்னும் அவள் வாய்க்குள்தான் இருந்தது. நான் யாரைப் பார்க்கிறேன் என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்பதுபோல் இமைக்காமல் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.