இரண்டாவது லைஃப் ஜாக்கெட்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பழைய படகுச் சாமான் சந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதப்போவதாகச் சொல்லி அக்காவுடன் போனேன். உண்மையில், அவளைத் தனியே அனுப்ப மனம் வராமல்தான்

[அடித்துவிட்டேன். இது இன்னொரு பொய். கதை ஏதாவது சிக்குமென்று போனேன்.]

2

‘காற்றில் உப்பும் துருவும் கலந்து மணத்தன.’ இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். நாற்பத்தெட்டு வயதில், விவாகரத்து முடிந்த மாதமே, பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினாள். “இதாவது நான் திருப்புற பக்கம் திரும்பட்டும்” என்றாள். கரையிலிருந்து தெரியும் தீவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் பாயைப் பார்த்துக்கொள்ள.

3

சந்தை, படகு பழுதுபார்க்கும் கொட்டகைக்குப் பின்னால். தார்ப்பாய்களின் மேல் சங்கிலிகள், ஜோடி இழந்த துடுப்புகள், காற்றுக்குமிழி நுழைந்த திசைகாட்டிகள். அக்கா கயிறுகளை இழுத்துப் பார்த்தாள், கப்பிகளைக் காதருகே வைத்துச் சுழற்றினாள். பல்வலிக்காரர்களுக்கு டோக்கன் கொடுப்பவளா இவள் என்றிருந்தது. நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கடையில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டு, மற்றதை என் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

“உனக்குச் சரியா இருக்கு.”

“எனக்கு எதுக்குக்கா? நீ போயிட்டு வா. நான் கரையில உக்காந்து எழுதிக்கறேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவளும் சிரித்தாள். அதனால்தான் நான் எதையும் கவனிக்கவில்லை. கடைக்காரரிடம், “ஒண்ணு போதும்ங்க” என்றாள்.

“ரெண்டும் ஜோடிம்மா. பிரிச்சுக் குடுக்கறதில்ல”* என்றார் அவர்.

“கூட வர ஆள் இல்லையே.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒன்றை மட்டும் பையில் போட்டுக் கொடுத்தார்.

*இதை நான் செருகியதாக நினைப்பீர்கள். செருகியிருந்தால் இன்னும் கொஞ்சம் மறைவாகச் செருகியிருப்பேன்.

4

நான்கு முறை கரையோரமாகவே தனியாகப் போய்வந்தாள். ஐந்தாவது முறை தீவை நோக்கிப் போனாள். பாதி வழியில் காற்று திசைமாறி, பாய்க்கட்டை சுழன்று அடித்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆறு மணி நேரம் ஒற்றைக் கையோடு படகில் மிதந்தவளை மீன்பிடிப் படகு ஒன்று இழுத்துவந்தது. மருத்துவமனைக்கு ஓடினேன். “சாப்டியா?” என்று கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை. கட்டுப் பிரிப்பதற்குள் படகை விற்றுவிட்டாள்.

5

முதல் பிரதியில் அக்காவை மூழ்கடித்தேன். சுலபமாக இருந்தது. கரையில் நிற்கும் தங்கையை அழவிட்டேன், அழுகையும் நன்றாக வந்தது. செத்துப்போனவளுக்காக வருந்துவதில் ஒரு கௌரவம் இருக்கிறது. உயிரோடு, தினமும் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறவளிடம் வருந்துவது எப்படியென்று

[தெரியவில்லை.]

இரண்டாம் பிரதியில் அந்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டேன். இருவரும் தீவில் இறங்கி மணலில் கால் நீட்டி உட்கார்ந்தோம். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

6

முதல் பிரதியை அவளுக்கு அனுப்பியிருந்தேன். நேற்று மதியம் கூப்பிட்டாள்.

“ஏண்டி, என்னைக் கொன்னுட்ட?”

“கதைக்காகக்கா.”

“நல்லாத்தான் செத்திருக்கேன்.” பின்னால் யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம். “நீ வராததால ஒண்ணும் நான் படகை விக்கல. தெரிஞ்சுக்கோ.”

“வந்திருந்தா?”

“அதை என்கிட்ட ஏன் கேக்கற?”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“இப்ப என்ன முடிவு வெச்சிருக்க?”

“இன்னும் எழுதலைக்கா.”

“எழுதாதே. எழுதிட்டா உனக்கு நிம்மதியாயிடும்.”

வைத்துவிட்டாள்.

ஆகவே எழுதவில்லை. உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல முடிவாக இருந்தால், தயவுசெய்து, என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.