சுவரில் தொங்கப்போகும் முகம்

"ஒரு கோடைக்காலம் முழுக்க லிஃப்டுக் குழிக்குள்ள இறங்கி எங்கண்ணனோட வேலை செஞ்சவன் நான். அந்தக் கிரீஸ் இன்னும் என் நகக்கண்ணுல இருக்கு."

மேடையில் கார்லண்ட் இப்படிச் சொன்னபோது, கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வெர்லன் செட்சர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீயணைப்பு நிலையத்தின் முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. விடிய விடியத் தணலில் வாட்டிய பன்றி இறைச்சியை வினிகரில் பிசறி, பக்கத்தில் சிவப்பு முட்டைக்கோஸ் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அவருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. கைதட்டல் எழுந்தது. எல்லோரும் வெர்லனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முதுகை நிமிர்த்தி, தலையை ஒருமுறை அசைத்தார்.

மாநிலத் தொழிலாளர் ஆணையர் பதவிக்குத் தம்பி நிற்கிறான். வக்கீல், வெளுத்த கை, நல்ல பல்வரிசை. நிற்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அப்பா இருந்திருந்தால் பூரித்துப் போயிருப்பார். ஆனால் வட கரோலினாவில் அந்தப் பதவிக்கு ஒரு வழக்கம் உண்டு. லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது அந்தத் துறை. அதனால் மாநிலத்தில் எந்த லிஃப்டில் ஏறினாலும், சான்றிதழில் ஆணையரின் படம் சிரித்துக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரியில், கோர்ட்டில், வங்கியில், எங்கும். ஆளுநரின் முகத்தை மறந்தவனுக்கும் ஆணையரின் முகம் தெரியும்.

இந்த மாவட்டத்து லிஃப்டுகளில் பாதிக்கு மேல் வெர்லன் மாட்டியவை. வேலைக்குப் போன நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை, குழியில் மண்டியிட்டும் கூரைமேல் குந்தியும் கம்பிவடம் இழுத்தவர். உள்ளே ஏறுகிற ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவரும் நினைத்ததில்லை, தம்பி வேட்புமனு போடும்வரை. அன்று முதல் சனியன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

கூட வேலை செய்த ஹாய்ட் சிக்மன் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏம்ப்பா வெர்லன், இனிமே உன் தம்பிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் பொத்தானை அமுக்கணுமோ?"

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

"இல்ல, சும்மா கேக்கறேன். அடியில கிடந்து எண்ணெய் போட்டவன் நீ. மேல நின்னு பல்லைக் காட்டப்போறவன் அவன். மூஞ்சியும் ஒரே மூஞ்சி. உன்னைப் பாத்து, 'சார், படத்துல இருக்கறது நீங்களா'ன்னு கேப்பானுங்க பாரு."

வெர்லன் முட்டைக்கோஸைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். அதைத்தான் அவரும் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு கோடைக்காலமாம். கார்லண்ட் வந்தது ஒரே ஒரு காலை. வங்கிக் கட்டடத்தில் லிஃப்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சாயங்காலம் வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். மறுநாள் வரவில்லை. அப்பா கேட்டபோது, "இப்ப ஆள் வேண்டாம்னுட்டாங்க" என்று சொல்லி மூடியது வெர்லன்தான். செட்சர் வீட்டுப் பையன் பயந்து ஓடினான் என்று ஊர் பேசக்கூடாது. அப்போது அவர் கண்ணில் பட்டது அந்த ஒன்றுதான். தான் மூடிக் கொடுத்த துணியையே அவன் இப்போது கொடியாக்கி ஆட்டுகிறான்.

கூட்டம் கலையும் நேரத்தில் மாவட்டப் பத்திரிகைக்காரர் புரூயிட் வந்து நின்றார். பணிவாகத்தான் கேட்டார்.

"சார், எதிர்க்கட்சிக்காரங்க ஒரு விஷயம் கிளப்பறாங்க. உங்க தம்பி ஒரு நாள்கூடக் கையால வேலை செஞ்சதில்லைன்னு. அந்தக் கோடைக்காலக் கதை நிஜந்தானா? நீங்க சொன்னா அதோட முடிஞ்சது. போட்டி வேற இழுபறியா இருக்கு."

சற்றுத் தள்ளி கார்லண்ட் யாரோ ஒருவரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தான். குலுக்கிய கை அப்படியே நின்றது. அண்ணனைப் பார்த்தான். வங்கிக் கிணற்றின் விளிம்பில் பார்த்த அதே பார்வை.

ஒரு சொல் போதும். ஒரே ஒரு 'இல்லை'. எந்தச் சுவரிலும் அந்த முகம் ஏறாது. வெர்லனின் நாக்கு நுனியில் அது தித்தித்தது. இத்தனை வருடத்தில் எந்தப் பண்டமும் அப்படித் தித்தித்ததில்லை. ஆனால் புரூயிட்டின் பேனா காகிதத்தின்மேல் காத்திருந்தது. நாளை காலை ஊரில் ஒவ்வொரு மேசையிலும் காப்பிக்குப் பக்கத்தில் 'செட்சர்' என்ற பெயரும் 'பொய்' என்ற சொல்லும் ஒரே வரியில் கிடக்கும்.

"செட்சர் குடும்பத்துல எவனும் பொய் சொன்னதில்ல," என்றார் வெர்லன்.

"அப்ப வேலை செஞ்சாரு?"

"செஞ்சான்."

"எப்படி செஞ்சாரு சார்?"

வெர்லன் மூச்சை இழுத்து விட்டார். "நல்லா செஞ்சான். என்னைவிட நல்லா."

புரூயிட் எழுதிக்கொண்டு போனார். ஹாய்ட் தன் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நடந்தான். வெர்லனுக்குக் காது சுட்டது. அவருக்கென்று இருந்தது அந்த வியர்வை ஒன்றுதான். அதையும் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்தாயிற்று.

கார்லண்ட் ஓடிவந்து தோளைப் பிடித்தான். "அண்ணே..."

"பேசாத. டையைச் சரி பண்ணு."

கார்லண்டின் மனைவி லொரீன் காமெராவோடு வெர்லனிடம் வந்தாள். "அத்தான், வெளிச்சம் நல்லா இருக்கு. அந்த லிஃப்டுப் படத்தை இப்பவே எடுத்து வெச்சுடலாமா? பின்னால வெள்ளையா ஏதாவது வேணும். அந்த மேசை விரிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கறீங்களா? உங்க உயரம்தான் சரியா இருக்கும்."

வினிகர்க் கறை படாத விரிப்பாகப் பார்த்து வெர்லன் உருவினார். உதறினார். தம்பியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு முனைகளையும் பிடித்து, தலைக்குமேல் உயர்த்தினார். துணி அவர் முகத்தை முழுக்க மறைத்தது. வெயில் அதன் வழியே வந்து கண்ணை நிறைத்தது. முன்னால் தம்பி தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

"சிரிங்க," என்றாள் லொரீன். பிறகு, "அத்தான், ஓரத்துல உங்க விரல் விழுது. கொஞ்சம் உள்ள இழுத்துக்கறீங்களா?"

துணி காற்றில் ஒருமுறை உப்பி அடங்கியது. வெள்ளை விளிம்பில், நகம் கறுத்த எட்டு விரல்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"அத்தான்?" என்றாள் அவள் மறுபடி.