துக்க வீட்டில் குளவி

லிசாந்த்ரோவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே அவன் தாய் எசெக்கியேலா வீட்டு ரேடியோவின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தினாள். டெலிவிஷனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். பாரங்கீயா நகரத்தின் ரெபோலோ பகுதியில் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பாட்டு கேட்கக் கூடாது. கேட்டால், போனவன்மேல் அந்த வீட்டில் யாருக்கும் பிரியமில்லை என்று தெருவே பேசும். மற்ற வீடுகளுக்கு இது பெரிய பாடில்லை. லிசாந்த்ரோவும் மனைவி நூரிஸும் பிழைத்த இந்த வீட்டுக்கோ பிழைப்பே சத்தம்தான்.

காலை வேளைகளில் நூரிஸ் ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். மதியம் வீடு திரும்பி, தேங்காய்ச் சோறும் வறுத்த மீனும் சாப்பிட்டுவிட்டு, வாசலை ஒட்டிப் போட்டிருந்த வேலை மேசையில் உட்காருவாள். பாதி நாள் சலவைக்காரி, பாதி நாள் ரேடியோ மெக்கானிக். இரண்டாவது பாதி தெருவுக்குத் தெரியாது. லிசாந்த்ரோ வேலை செய்கிறான், பெண்டாட்டி ஈயக்கம்பியை எடுத்துக் கொடுக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

சர்க்கரை வியாதி லிசாந்த்ரோவின் கண்ணைத் தின்றிருந்தது. கடைசிக் காலத்தில் அவனுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் பிரியும். மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுத் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வான். "மூக்கால பாடுது பாரு. ரெண்டாவது வால்வு, அடிப்பக்கம்" என்பான். நூரிஸ் குனிந்து பார்த்தால் அங்கே ஒரு கம்பியின் பற்றவைப்பு விட்டிருக்கும். அவன் காது, இவள் கண், இவள் கை. வாடிக்கைக்காரன் வாசலில் நிழலாடினால் அவள் சால்டரிங் அயர்னை அவன் கையில் திணித்துவிட்டு விலகி நிற்பாள். கண் போன மனுஷனிடமிருந்து பேரையும் பிடுங்குவானேன் என்று விட்டிருந்தாள்.

அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நாளில் மேசைமேல் இருந்தது குளவியின் ஆம்ப்ளிஃபயர். குளவி என்பது அரிஸ்டிடெஸின் பிக்கோ, தெரு நடனங்களுக்குப் பாட்டுப் போடும் பெட்டி வரிசை. ஆளைவிட உயரமான ஸ்பீக்கர் பெட்டிகள், முகப்பில் இருட்டிலும் மின்னுகிற சாயத்தில் கொடுக்கை நீட்டிய ஒரு குளவி. சனிக்கிழமை நடனம் எந்தத் தெருவில் என்றாலும் குளவி வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பெண்கள் செருப்பை மாட்டுவார்கள். அரிஸ்டிடெஸ் தன் இசைத்தட்டுகளின் நடுவிலிருக்கும் காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவான். பாட்டு யாருடையது என்று போட்டி பிக்கோக்காரர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அவ்வளவு உஷாரான ஆள்.

அந்த உஷாரான ஆள் ஒரு நாள் மதியம் கோவேறு கழுதை வண்டியோடு வாசலில் வந்து நின்றான். தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"தங்கச்சி, கேக்கவே வாய் கூசுது. ஆனா சனிக்கிழமை ஆட்டம் இருக்கு. ஆம்பக் குடுத்துரு. மெக்கானிக் வில்ஃப்ரிதோ பாக்குறேன்னுட்டான்."

"வேலை முடிஞ்சிருச்சு அண்ணே."

"யாரு முடிச்சா? லிசாந்த்ரோ ஆவியா வந்தானா?"

"நான் முடிச்சேன்."

கழுதை பேசினாற்போல அரிஸ்டிடெஸ் திரும்பிப் பார்த்தான். "சரி. போட்டுக் காட்டு, கேப்போம்."

உள்ளறையில் எசெக்கியேலா இருமினாள். நூரிஸ் மேசையடியிலிருந்து ஒரு பலகையை எடுத்தாள். ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் அதில் வரிசையாக பல்புகளைப் பொருத்தியிருந்தாள். துக்க வீட்டுக்கென்று அவளே செய்துகொண்ட ஏற்பாடு. ஊசி இசைத்தட்டில் இறங்கியது. சத்தமே இல்லை. முரசு விழுகிற இடத்தில் பல்புகள் பிரகாசித்தன, பாட்டு தணிகிற இடத்தில் மங்கின.

அரிஸ்டிடெஸ் வாயைப் பிளந்து பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"அழகாத்தான் இருக்கு. கிறிஸ்துமஸுக்கு உன்னையே கூப்புடுறேன். ஆனா சனிக்கிழமை ஜனங்க பல்பப் பாத்து ஆட மாட்டாங்களே, தங்கச்சி."

"துக்க வீடுண்ணே."

"எனக்குத் தெரியாதா? அதுக்காக, கேக்காத பெட்டிய நான் எப்படி எடுத்துட்டுப் போறது?" அவன் குரலைத் தாழ்த்தினான். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. இந்த மேசை, மீட்டரு, சாமானு, எல்லாத்தையும் சேத்து எடுத்துக்கறேன்னு வில்ஃப்ரிதோ கேக்குறான். நல்ல விலை தருவான். நீ ஓட்டல்ல முழு நாளும் நின்னுக்கலாம். இத வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற?"

இஸ்திரிக் கூடத்தின் நீராவி நூரிஸின் முகத்தில் அடிப்பதுபோல இருந்தது. காலை மட்டுமல்ல, மதியமும் மாலையும் அந்த நீராவியிலேயே.

"நாளைக்கு மதியம் குளவியோட ஒரு பெட்டியக் கொண்டாங்க. வில்ஃப்ரிதோவையும் கூட்டிட்டு வாங்க. சுத்தமாக் கேட்டா வேலை என்னுது. கேக்கலேன்னா ஆம்பையும் எடுத்துக்கட்டும், மேசையையும் எடுத்துக்கட்டும்."

"இங்கேயா?"

"இங்கதான்."

அவன் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியேறினான்.

எசெக்கியேலா மகனின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். படத்துக்குக் கீழே ஒரு டம்ளர் தண்ணீர், காகிதப் பூக்கள், ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அந்த பல்பு முதல் நாளிலிருந்தே நடுங்கிக்கொண்டிருந்தது. நூரிஸ் சரிசெய்யப் போனபோது கிழவி கையைத் தட்டிவிட்டாள். "தொடாத. எம்புள்ள மூச்சு விடுறான்."

"நாளைக்கு இந்த வீட்டுல பாட்டுக் கேக்கும் அத்தை" என்றாள் நூரிஸ்.

"கேக்காது."

"கேக்கும்."

"அவன் மேல போட்ட மண்ணு இன்னும் காயலடி."

"அவரு இருந்தப்ப இந்தத் தெரு ஒரு மத்தியானம் தூங்கியிருக்கா? செத்தப்புறம் மட்டும் ஊமையாக்கணுமா?"

"ஆமா, ஆக்கணும். இருந்தப்ப கேட்டுச்சு, இப்பக் கேக்கலேன்னு போறவன் வர்றவன் எல்லாம் நெனைக்கணும்." எசெக்கியேலா படத்தின் கண்ணாடியைக் கையால் துடைத்தாள். "அவனுக்குக் குடுக்க வேற என்ன இருக்கு எங்கிட்ட? இந்த அமைதி ஒண்ணுதான். அதையும் புடுங்குறியா?"

கிழவி சொன்னதில் பொய் இல்லை.

"வேற யாரு வீட்டுலயாவது போயிப் போட்டுக்க" என்றாள் எசெக்கியேலா, கொஞ்சம் இறங்கி.

"எந்த வீட்டுல? கருப்பு உடுத்துன பொம்பளை பாட்டுப்பெட்டியோட வந்தா எவ படியேத்துவா? நம்ம வீட்டுல இல்லேன்னா எங்கயும் இல்ல அத்தை. மேசை போயிரும். அது போனா நானும் பாதிப் போயிருவேன்."

"போ. நான் முழுசாப் போயிட்டேன்" என்று கிழவி ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் நான்கு பேர் குளவிப் பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் இறக்கினார்கள். கொடுக்கு தெருவைப் பார்த்திருந்தது. துக்க வீட்டு ஜெபத்துக்கு வரும் பெண்கள் எதிர்வீட்டு வாசலில் வாயில் கைவைத்து நின்றார்கள். எசெக்கியேலா ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினாள். நூரிஸ் வாசல் கதவை முழுக்கத் திறந்து, நகராமலிருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள்.

வில்ஃப்ரிதோ தலைக்கு எண்ணெய் பூசி, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரைப் பேனாபோல் செருகி வந்திருந்தான்.

"ஷாக் அடிச்சா சொல்லுங்கக்கா, வந்து புடிச்சுக்கறேன்."

"சான் ரோக்கே ஆட்டத்துல நீ கட்டுன ஆம்பு புகைஞ்சுச்சாமே, அதப் போயிப் புடிச்சியா தம்பி?"

தெரு சிரித்தது. வில்ஃப்ரிதோவும் சிரித்தான், பல் மட்டும்.

நூரிஸ் சுவிட்சைப் போட்டாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. ஊசியை இறக்கினாள். முரசு அடித்த அடியில் மேசைமேல் இருந்த திருகாணிகள் குதித்தன. கிடார் வந்தது, அதன்மேல் ஒரு பெண்ணின் குரல் வந்தது. இத்தனை நாளாக ஊமையாயிருந்த வீடு விம்மியது. அரிஸ்டிடெஸின் கால் தானாகத் தாளம் போட்டது.

வில்ஃப்ரிதோ விரலை உயர்த்தினான். "பாட்டுக்குக் கீழ கேளுங்க. எண்ணெயில மீன் பொரியுது."

பொரியத்தான் செய்தது. சர்... சர்சர்... குரல் தணியும் இடமெல்லாம் அது மேலே வந்தது. நூரிஸ் ஒயர்களைத் தொட்டுப் பார்த்தாள், பின்களை அழுத்தினாள், வால்வுகளை ஒவ்வொன்றாக அசைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சத்தம் போகவில்லை. பல்புப் பலகையில் இது தெரிந்திருக்க வழியில்லை. சின்னச் சத்தத்துக்கு பல்பு கண் சிமிட்டாது.

அவளை அறியாமல் பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டாள். அங்கிருந்து ஒரு குரல் வரும் என்று உடம்பு காத்திருந்தது.

"விடுங்கக்கா" என்றான் வில்ஃப்ரிதோ. கேலி இல்லாமல் சொன்னான், அதுதான் அவளுக்குச் சுட்டது. "நான் எடுத்துட்டுப் போயிப் பாக்கறேன்."

"கைய எடு."

அவள் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். லிசாந்த்ரோவைப் போலவே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். முதலில் பாட்டுதான் கேட்டது. பாட்டை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். சத்தம் ஒரே சீராக இல்லை. ஒரு இழுப்பு, சின்ன இடைவெளி, இரண்டு வெட்டு, மறுபடி இழுப்பு. எங்கேயோ பழகிய தாளம். ஆனால் காதில் கேட்டுப் பழகியதல்ல. கண்ணால் பார்த்தது.

கண்ணைத் திறந்து உள்ளறையைப் பார்த்தாள். படத்துக்குக் கீழே சிவப்பு பல்பு ஒருமுறை இழுத்து எரிந்தது, அணைந்தது, இரண்டு முறை வெட்டியது.

அவள் எழுந்து வருவதைப் பார்த்து எசெக்கியேலா படத்தை மறைத்து நின்றாள்.

"தொடாத."

"லூஸ் கனெக்ஷன் அத்தை. அதோட பொறிதான் கரண்டு லைன்ல வந்து பெட்டில பொரியுது."

"அது எம்புள்ள."

"உங்க புள்ள இந்த வீட்டுல ஒரு லூஸ் கனெக்ஷன ஒரு நாளாவது விட்டு வெச்சிருப்பாரா?"

கிழவி நகரவில்லை. தடுக்கவும் இல்லை. அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பாவாடை நுனியால் பல்பைப் பிடித்து, நூரிஸ் ஒரு திருகு திருகினாள். நடுக்கம் நின்றது. லிசாந்த்ரோவின் முகத்தில் சிவப்பு வெளிச்சம் சீராக விழுந்தது. வாசலில் பொரியல் அறுந்துபோய்க் குரல் தனியாக எழுந்தது. அந்தப் பெண் பாடுவதற்கு முன் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது.

எசெக்கியேலா அழுதாள். நூரிஸ் அவளை அணைக்கப் போனாள். கிழவி முழங்கையால் தள்ளினாள்.

வாசலில் அரிஸ்டிடெஸ் தொப்பியால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான். "என்ன இருந்தாலும் லிசாந்த்ரோ கை லிசாந்த்ரோ கைதான்! செத்தும் பாட வெக்கிறான் பாரு!"

நூரிஸ் தலையாட்டிவிட்டு நின்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வேலையும் கிடைத்திருக்கும், தெருவும் மன்னித்திருக்கும்.

"அவரு கை இல்லண்ணே" என்றாள் நூரிஸ், எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி. "அவருக்குக் கண்ணு போயி ரெண்டு வருஷம், ரெண்டு கார்னிவல் ஆச்சு. நீங்க ஆடுனதெல்லாம் அவரு காது, என் கை. இப்ப காதும் என்னுதுதான்."

எல்லோரும் எசெக்கியேலாவைப் பார்த்தார்கள். பொய் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தார்கள்.

"அத ஏண்டி சொன்ன?" என்றாள் கிழவி.

வில்ஃப்ரிதோ ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான்.

"கேட்டாச்சு, சுத்தமா இருக்கு. நான் இல்லேங்கல" என்றான். "ஆனா ஆட்டத்துல பெட்டிக்குப் பின்னாடி மெக்கானிக் நிக்கணும். வால்வு போனா யாரு மாத்துவா? நீங்க கருப்புத் துணியோட ஆட்டத்துக்கு வரப்போறீங்களாக்கா?"

அரிஸ்டிடெஸ் கீழே பார்த்தான். வில்ஃப்ரிதோ கேட்டது நியாயம். மெக்கானிக் இல்லாமல் எந்த பிக்கோவும் தெருவிறங்காது. துக்கத்திலிருக்கிற விதவை ஆட்டம் நடக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

"வண்டி எப்ப வரும்னு சொல்லுங்கண்ணே" என்றாள் நூரிஸ்.

சனிக்கிழமை வெயில் தாழ்வதற்குள் லாரி வந்துவிட்டது. நூரிஸ் அதே கருப்பு உடையில், வால்வுகளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எசெக்கியேலா நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"இப்படிப் போனா இந்த வாசல்ல திரும்பி ஏறாத."

"மேசை இந்த வாசல்லதான் அத்தை இருக்கு. ஏறுவேன். சோத்த மூடி வெச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க."

யாரும் கைகொடுக்கவில்லை. அவளே சக்கரத்தில் கால்வைத்து ஏறி, ஆம்ப்ளிஃபயரை முழங்கால்களுக்கு இடையில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லாரி நகர்ந்தது. ஜெபத்துக்கு வரும் பெண்களின் ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. அவள் தலையைக் குனியவில்லை. சாத்துகிற ஒவ்வொருத்தியையும் நிதானமாகப் பார்த்தாள்.

தெரு மூலையில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் எழுந்து நின்று கத்தினான்.

"என்ன விதவையம்மா, ஆடப் போறியா?"

"ஆட வைக்கப் போறேன்!" என்று நூரிஸ் திருப்பிக் கத்தினாள். "தைரியமிருந்தா வந்து ஆடாம நின்னு பாரு!"

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.