குளவி தேடிய புழு

காலையிலிருந்து குழந்தை அசையவில்லை.

எனக்கு ஏழாம் மாதம். முந்தைய இரண்டும் ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டன. அதனால் இந்த முறை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை மேய்த்தவள், பொழிச்சலூர் வீட்டில் மூன்று மாதமாக ஒருக்களித்துக் கிடந்தேன். போனில் கேட்டதற்கு, "இனிப்பா ஏதாவது சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் பாருங்க ஜெயஸ்ரீ. அசையலைன்னா உடனே வந்துடுங்க" என்றார் டாக்டர். என் கணவர் முகிலன் கூடுவாஞ்சேரியிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். சர்க்கரைத் தண்ணீர் குடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. வயிறு கல்லாகக் கிடந்தது.

கட்டிலை ஒட்டிய ஜன்னல் சட்டத்தில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. உடைக்கச் சொன்னபோது மாமியார் சுந்தரவல்லி பதறிவிட்டார்.

"ஐயோ, கைய வெச்சுடாதம்மா! குளவி கூடு கட்டுன வூட்ல புள்ள நல்லபடியா பொறக்கும்."

பிறக்கும், பிறக்கும். கட்டிலில் கிடந்து அந்தக் குளவியை நாளெல்லாம் பார்ப்பது நான்தானே. அது பச்சைப் புழுவைக் கொட்டி, கால்களில் இடுக்கிக்கொண்டு வரும். புழு சாகாது. விஷத்தில் அசைய முடியாமல் உயிரோடு கிடக்கும். அதைக் கூட்டுக்குள் திணித்து வாயை மண்ணால் அடைத்துவிடும். உள்ளே பொரிக்கும் குஞ்சு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இதுதான் அத்தைக்கு நல்ல சகுனம்.

இப்படிக் காத்துக் கிடந்தபோது குளவி கொண்டுவந்த புழு தவறி என் நைட்டி மேல் விழுந்தது. வயிற்று மேட்டில் சுருண்டு கிடந்தது. தட்டிவிடக் கை எழும்பவில்லை. அதன் கால் ஒன்று லேசாகத் துடித்தது. இதற்காவது உயிர் இருக்கிறது என்று நினைத்தேன். உடனே அப்படி நினைத்ததற்காகப் பயந்தேன்.

குளவி தேடிக்கொண்டு இறங்கியது. இடுப்பிலிருந்து வயிற்றுக்கு ஏறியது. மெல்லிய துணி, ஒவ்வொரு காலும் தெரிந்தது. துள்ளி எழுந்தால் தையல் என்ன ஆகும்? பல்லைக் கடித்துக்கொண்டு, "அத்தே" என்றேன். இரண்டாவது முறை கூப்பிட்டதும் வந்துவிட்டார்.

வாசலில் ஒரு கணம் நின்றார். துடைப்பத்தைத் தேடவில்லை, துண்டைத் தேடவில்லை. நேராக வந்து வெறுங்கையால் குளவியைப் பொத்திப் பிடித்து நசுக்கினார். கொட்டியிருக்க வேண்டும், முகம் கோணிப்போனது.

"நீ அசையாத. நீ அசையாதம்மா" என்றார். மறு கையால் புழுவைத் தட்டிவிட்டார்.

அப்போது உள்ளே ஓர் உதை. அப்புறம் இன்னொன்று.

"அத்தே, அசையுது!"

அவர் புழுவைத் தட்டிய கையை என் வயிற்றில் வைத்துப் பார்த்தார். மூன்றாவது உதை அவருக்கே விழுந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். கொட்டு வாங்கிய கையை மட்டும் இறுக மூடியே வைத்திருந்தார். பிள்ளைக்கு நல்லது என்று காத்த குளவியைத் தன் கையாலேயே கொன்றுவிட்டார்; திறங்கள் என்று எவ்வளவு சொல்லியும் திறக்கப் பயந்தார்.