பத்தொன்பதாம் பிளாக் குரங்கம்மா

கட்சிக்காரர்கள் தேவயானிக்குப் பொன்னாடை போர்த்தியபோது அன்புக்கரசிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

மூன்று மாதமாக டவுன்ஷிப்பின் பத்தொன்பதாம் பிளாக் குரங்குகளின் பின்னால் அலைந்தவள் அவள். வனத்துறையில் காண்ட்ராக்ட் காவலர். எந்தக் குரங்கு எந்தக் குவார்ட்டர்ஸ் ஜன்னலைத் திறக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நான்கு பிள்ளைகள் கடிபட்ட பிறகு, அவள் எழுதிய அறிக்கையால்தான் கூண்டு வந்தது. பிடித்துக் காட்டில் விட்டுவிட்டால் அவளைப் பர்மனெண்ட் ஆக்க எழுதுவதாக ரேஞ்சர் சிவசங்கர் சொல்லியிருந்தார்.

எதிர்வீட்டுத் தேவயானி என்ன கிழித்தாள்? கூண்டுக்குள் தாய்க்குரங்கு, வெளியே குட்டி. அதற்கு வாழைப்பழம் ஊட்டி, சோகப் பாட்டோடு வீடியோ போட்டாள். ஊரே உருகிற்று. கடிபட்ட பிள்ளைகளின் அம்மாக்கள்கூட ஹார்ட் போட்டார்கள். தேர்தல் வேறு நெருங்கிவிட்டது. மூன்றாம் நாள் தாயைத் திறந்துவிட்டுக் கூண்டுகளை லாரியில் ஏற்றினார்கள்.

“எலெக்‌ஷன் முடியட்டும்மா. மேலேருந்து சொல்லிகினு இருக்காங்க” என்றார் சிவசங்கர்.

“அப்ப என் அறிக்கைங்க சார்?”

“ஃபைல்ல பத்திரமா இருக்குது.”

வீட்டில் கணவன் செல்வகுமார், ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு, தேவயானியின் வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தம்மாவுக்கு எவ்ளோ எளகுன மனசு பாரு.”

அவள் சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்தாள். அவளுக்கு மட்டும் மனசு இல்லையா? காக்கிச் சட்டைக்குள் இருப்பது கல்லா?

மறுநாள் காலை ஒரு சீப்பு பழத்தோடு பிளாக் பார்க்குக்குப் போனாள். பழம் கொடுத்துக் கொடுத்துத்தான் குரங்குகள் வீடு புகுந்தன என்று அறிக்கையில் எழுதியவளே அவள்தான். தெரிந்தும் போனை மரக்கிளையில் சாய்த்து, காக்கியோடு உட்கார்ந்து, குட்டிக்கு உரித்து ஊட்டினாள். சோகப் பாட்டையும் மறக்காமல் சேர்த்து வீடியோ போட்டாள்.

சாயங்காலம் சிவசங்கர் கூப்பிட்டனுப்பினார். அவர் கைபேசியில் அவள் வீடியோ ஓடியது. அவளுக்குப் பின்னால் பளிச்சென்று ஒரு பலகை: ‘குரங்குகளுக்கு உணவளிக்காதீர். மீறினால் நடவடிக்கை.’

“யார் எழுதுனது இது?”

“நான்தாங்க சார்.”

“ஊரே சிரிக்குது. இனிமே உன் அறிக்கைய எவன் படிப்பான்? நாளையிலருந்து வேலைக்கு வராத.”

அவளுக்குக் கண் நிறைந்தது. நிறைந்த கண் வீடியோவின் அடியில் இருந்த எண்ணுக்குப் போயிற்று. தேவயானியுடையதைவிட இரண்டாயிரம் பேர் அதிகம் பார்த்திருந்தார்கள்.